தாழ்ந்து செல்லும் தேர்கள்

பழைய இயந்திரம் எதற்கும் வழக்கமாக இரண்டு முடிவுகளே காத்திருக்கின்றன. ஒன்று காயலான் கடை, மற்றொன்று அருங்காட்சியகம். முதலாவதில் அது எடைக்கு விலைபோகிறது. இரண்டாவதில், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுக்கப்பட்டு, கயிறு கட்டிய எல்லைக்குள் நிறுத்தப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பழையதன் உடலை ஏற்றுக்கொண்டு, அதைச் செய்தவர் நினைத்தும் பாராத ஒரு திசையில் அதை வளர்த்தெடுக்கும் வழி அது.

இலக்கியம் பயில்வோருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தை மீட்டுத் தரும் பதிப்பாசிரியர் ஒருவர். அம்மூலத்தை எடுத்துக்கொண்டு தம் காலத்துக்கும் தம் மக்களுக்கும் ஏற்ப இன்னொரு நூல் செய்பவர் வேறொருவர். பின்னவர் செய்வதை நம் இலக்கணிகள் ‘வழிநூல்’ என்றனர். முன்னோர் நூலோடு பொருந்தி நிற்க வேண்டும், பின்வந்தவர் விரும்பும் மாறுபாடும் அதில் இருக்க வேண்டும், மரபும் கெடக் கூடாது என்று அதற்கு இலக்கணம் வகுத்தது நன்னூல். இக்கட்டுரையில் நாம் பேசப்போவது நூலைப் பற்றியன்று, காரைப் பற்றி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மெக்ஸிகோ வழிவந்த உழைப்பாளி மக்கள் தங்கள் நாட்டின் பழைய பெரிய கார்களைக் கொண்டு செய்த வழிநூல்களைப் பற்றி. அவற்றுக்கு ‘லோரைடர்’ என்று பெயர்; தாழ்ந்து செல்வது என்று பொருள்.

கப்பல் போன்ற கார்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு அமெரிக்கக் கார் நிறுவனங்கள் உருவாக்கிய பெரிய கார்களை இன்று நேரில் காண்போர் முதலில் வியப்பது அவற்றின் அளவைக் கண்டுதான். 1964ஆம் ஆண்டின் ஷெவர்லே இம்பாலா ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளம் உடையது. நம் சாலைகளில் பெரிய கார் என்று பெயர்பெற்றிருந்த அம்பாசடரைவிட அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் கூடுதல். முன்னிருக்கை சோபாவைப் போல ஒரே நீள இருக்கை. டிக்கியில் ஒரு சிறு குடும்பத்தின் மூட்டை முடிச்சுகள் அனைத்தையும் அடுக்கிவிடலாம். பெட்ரோல் மலிவாகவும் சாலைகள் அகலமாகவும் இருந்த ஒரு நாட்டின் தன்னம்பிக்கை அந்தத் தகட்டில் எழுதப்பட்டிருந்தது.

இம்பாலா என்ற பெயர் 1958இல் ஷெவர்லேயின் பெல் ஏர் வரிசையில் உயர்ந்த வகையாக அறிமுகமாகி, மறு ஆண்டே தனி வரிசையாயிற்று. 1965ஆம் ஆண்டு மாடல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்தப் பெரும் விற்பனைக்குப் பின்னால் ஒரு வணிக உத்தி இருந்தது. ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையேற்றிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1927இல் ஹார்லி எர்ல் என்பவரின் பொறுப்பில் வடிவமைப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றுவதே அதன் வேலை. இயந்திரம் அதேதான் என்றாலும் விளக்கின் வடிவம் மாறும், பக்கவாட்டுக் கோடுகள் மாறும், பின்புறத்துச் சிறகு விரியும் அல்லது சுருங்கும். 1959இல் இம்பாலாவின் பின்புறம் ஒரு பெரும்பறவை இறக்கையை விரித்தாற்போல அகன்று நின்றது. 1961இல் அச்சிறகுகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. சென்ற ஆண்டுக் காரை வைத்திருப்பவர் அதைப் பார்த்துக் கூச வேண்டும், புதியதை வாங்க வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த உத்திக்கு நிறுவனம் எண்ணாத ஒரு பின்விளைவும் இருந்தது. வசதி படைத்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கழித்துவிட்ட கார்கள், உடலில் ஒரு குறையும் இல்லாமல், பழைய கார்ச் சந்தைக்கு வந்து குவிந்தன. மேட்டுக்குடியின் கண்ணுக்குக் காலாவதியானது தொழிலாளியின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது. லோரைடரின் வரலாறு அந்தச் சந்தையில்தான் தொடங்குகிறது.

ஆற்றுக்குக் கிழக்கே

லாஸ் ஏஞ்சலீஸ் ஆற்றின் கிழக்குப் புறத்தில் பாயில் ஹைட்ஸ் என்ற பகுதியும், அதற்கப்பால் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ் என்ற பகுதியும் உள்ளன. மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்கே நெருங்கிக் குடியிருந்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமன்று. நகரின் பல பகுதிகளில் வெள்ளையரல்லாதோருக்கு வீடு விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் இருந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர இயலாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்த வேகத்தில் தெருக்கள் மாறிவிடவில்லை.

அத்தீர்ப்புக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1943 ஜூன் மாதத்தில், நகரின் மெக்ஸிகோ வழி இளைஞர்கள் இன்னொரு பாடம் கற்றிருந்தனர். அகன்ற தோள்களும் நீண்ட மேலங்கியும் தொளதொளப்பான கால்சட்டையும் கொண்ட ‘ஸூட் சூட்’ என்ற உடை அந்நாளில் அவர்களிடையே பரவியிருந்தது. போர்க்காலத்தில் துணியை வீணாக்கும் தேசத்துரோகமாக அது சித்திரிக்கப்பட்டது. விடுப்பில் இருந்த கடற்படையினரும் பிற படைவீரர்களும் கூட்டங் கூட்டமாக நகருக்குள் வந்து, அவ்வுடை அணிந்தவர்களைத் தேடிப் பிடித்து அடித்து, நடுத்தெருவில் அவர்கள் உடைகளைக் கிழித்தெறிந்தனர். கைதானவர்களில் பெரும்பாலோர் அடிபட்டவர்களே. நன்றாக உடுத்திக்கொண்டு தெருவில் நிற்பதும் ஒரு குற்றமாகக் கருதப்படலாம் என்பதே அந்தப் பாடம். பிற்காலத்து லோரைடர் வரலாற்றை இந்த நிகழ்ச்சியின் நினைவின்றி விளங்கிக்கொள்ள இயலாது.

போர் முடிந்தது. மெக்ஸிகோ வழி வீரர்களும் ஊதியப் பணத்துடன் வீடு திரும்பினர். விமானத் தொழிற்சாலைகளிலும், சவுத் கேட், வான் நைஸ் ஆகிய இடங்களில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளிலும், பட்டறைகளிலும், குஷன் தைக்கும் கடைகளிலும் உழைத்துக் கைத்தொழில் கற்றவர்கள் அவர்களிடையே இருந்தனர். வெல்டிங், டிங்கரிங், பெயின்டிங் என்று எல்லாவற்றுக்கும் தெருவிலேயே ஆள் உண்டு. பழைய கார் மலிவு, உழைப்பு சொந்தம்.

அதே காலத்தில் அதே ஊரில் வெள்ளை இளைஞர்களும் பழைய கார்களை மாற்றியமைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய கார்கள் ‘ஹாட் ராட்’ எனப்பட்டன. எடையைக் குறைத்து, எஞ்சினைப் பெருக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் யார் முந்துவது என்று ஓட்டினர். 1951இல் அதற்கென்று ஒரு தேசியச் சங்கமே அமைந்து, வேகப் பந்தயம் முறைப்படுத்தப்பட்ட விளையாட்டாயிற்று. மெக்ஸிகோ வழி இளைஞர்கள் தேர்ந்தெடுத்ததோ நேர்மாறான திசை. தாழ்வாகவும் மெதுவாகவும் செல்வது என்பதே அவர்களின் கொள்கை. ‘பஹித்தோ இ சுவாவெசித்தோ’ என்று அதை ஸ்பானிஷில் சொல்வார்கள். மெக்ஸிகோ ஊர்களில் மாலை வேளையில் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிக் குடும்பமாக நடந்து, காண்பதும் காணப்படுவதுமாகப் பொழுதைக் கழிக்கும் ‘பாசேயோ’ என்ற வழக்கம் உண்டு. அவ்வுலாவே சக்கரம் பூண்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். காண்போர் கண்ணில் தங்குவதை நோக்கமாகக் கொண்ட வண்டிக்கு வேகம் தேவையில்லை. நம் ஊர்த் தேருக்கும் வேகம் ஓர் அழகன்று.

சட்டம் தந்த பொறி

காரைத் தாழ்த்துவதற்குத் தொடக்கத்தில் எளிய வழிகளே இருந்தன. டிக்கியில் மணல் மூட்டையோ சிமென்ட் மூட்டையோ வைத்தால் பின்புறம் இறங்கும். நிலையாகத் தாழ்த்த வேண்டுமானால் சுருள் ஸ்பிரிங்கைச் சூடேற்றித் தளர்த்துவார்கள், அல்லது ஓரிரு சுற்று வெட்டி எடுப்பார்கள். அப்படித் தாழ்ந்த கார் மேடு பள்ளத்தில் உரசும் என்பது தெரிந்தே செய்தார்கள்.

1958இல் கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் இதைத் தடுக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் 24008ஆம் பிரிவு என்று அறியப்பட்ட விதி அது. சக்கர வளையத்தின் அடிமட்டத்தைவிடக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கியிருக்கும்படி மாற்றம் செய்தல் கூடாது என்றது விதி. டயர் வெடித்தால் வண்டி சக்கர வளையத்தின்மேல் நிற்க வேண்டுமே தவிர உடல் தரையில் தேயக் கூடாது என்று அதற்கொரு பாதுகாப்புக் காரணம் சொல்ல இடமுண்டு. ஆனால் நடைமுறையில் அது, தாழ்ந்த காரில் வருபவரை எந்த நேரமும் நிறுத்தி விசாரிக்கப் போலீஸாருக்குக் கிடைத்த அளவுகோலாயிற்று.

இந்த விதிக்கு விடையாகவே லோரைடரின் புகழ்பெற்ற பொறி பிறந்தது. 1950களின் இறுதியில் ரான் அகிர்ரே என்ற இளைஞர் தம்முடைய 1957 கார்வெட் காரில் விமானங்களிலிருந்து கழிக்கப்பட்ட ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். உள்ளிருந்தபடியே ஒரு ஸ்விட்சைத் தட்டினால் கார் சட்டம் கேட்கும் உயரத்துக்கு ஏறும். போலீஸார் கடந்து சென்றதும் மீண்டும் தாழும். ‘எக்ஸ்-ஸானிக்’ என்ற பெயருடைய அக்காரே இவ்வகையின் முன்னோடியாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. விமானத் தொழில் தழைத்திருந்த தெற்குக் கலிஃபோர்னியாவில் போர்க்கால உபரிப் பொருள்கள் மலிவாகக் கிடைத்தன என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிற்பாடு லாரிகளில் சரக்கேற்றும் பின்பலகையைத் தூக்கப் பயன்படும் பம்புகளும் இதற்கு உதவின.

அதன் இயக்கம் கடினமானதன்று. டிக்கியில் வரிசையாகப் பேட்டரிகள். அவை ஒரு மின்மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் எண்ணெயை அழுத்திக் குழாய் வழியே சக்கரத்துக்கருகில் உள்ள உருளைகளுக்கு அனுப்புகிறது. உருளையின் தண்டு நீள, கார் எழுகிறது. திரும்பும் வால்வைத் திறந்தால் எண்ணெய் வடிய, காரின் எடையே அதைக் கீழிறக்குகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச் அமைத்துவிட்டால் கார் முன்னே பணியலாம், பின்னே உயரலாம், மூன்று காலில் நிற்கவும் செய்யலாம். தொடக்கத்தில் தப்பிப்பதற்கான கருவி, சில ஆண்டுகளில் ஆடலுக்கான கருவியாயிற்று. காரின் முன்புறம் தரையை விட்டு எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று அளந்து பரிசு தரும் போட்டிகள் பின்னர் வந்தன.

இம்பாலா இக்கலையின் நாயகனானதற்கும் இயந்திரக் காரணம் உண்டு. 1958ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஷெவர்லே நான்கு சக்கரங்களிலும் சுருள் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தியது. அந்தச் சுருளோடு ஹைட்ராலிக் உருளையை இணைப்பது எளிது. 1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாவின் அடிச்சட்டம் இடையில் ஒடுங்கிய எக்ஸ் எழுத்தின் வடிவில் இருந்தது. பக்கவாட்டில் தாங்குசட்டம் இல்லாததால் மோதலில் பாதுகாப்புக் குறைவு என்று அக்காலத்திலேயே அதைக் குறைகூறியவர் உண்டு. அந்த ஏழு ஆண்டுகளின் இம்பாலாக்களைத்தான் இன்றும் லோரைடர் ஆர்வலர்கள் தலைக்குமேல் வைத்துப் போற்றுகின்றனர்.

ரோஜாக்கள் பூத்த கார்

உயரத்தை மாற்றுவது பாதி வேலையே. மறுபாதி நிறத்திலும் உள்ளலங்காரத்திலும் இருந்தது. ‘கேண்டி’ எனப்படும் வண்ணப்பூச்சில் முதலில் வெள்ளி அல்லது பொன் நிற அடிப்பூச்சு தரப்படும். அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசப்படும். இறுதியில் நிறமற்ற மேற்பூச்சு. பிறகு தேய்த்து மெருகேற்றல். வெயில் படும்போது ஒளி மேற்பரப்பில் தங்காமல் உள்ளே போய் அடிப்பூச்சில் பட்டுத் திரும்புவதால், நிறத்துக்கு ஓர் ஆழம் வந்துவிடுகிறது. அதன்மேல் மயிரிழைத் தூரிகையால் கோடுகள், பூக்கள், சில கார்களில் குவாடலூப்பே மாதாவின் உருவம், மறைந்த உறவினரின் முகம். உள்ளே வெல்வெட் இருக்கை, சங்கிலியால் செய்த சிறு ஸ்டீரிங் வளையம். வெளியே பதின்மூன்று அங்குலக் கம்பிச் சக்கரங்கள். பெரிய உடலுக்குச் சிறிய சக்கரம் என்பதே கார் தரையோடு மிதப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது.

இக்கலையின் உச்சமாகப் பலரும் சுட்டுவது ‘ஜிப்ஸி ரோஸ்’ என்ற காரை. ‘இம்பீரியல்ஸ்’ என்ற கார்ச் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஜெஸ்ஸி வலாடெஸ் அதன் உரிமையாளர். 1963ஆம் ஆண்டு இம்பாலாவில் அவர் செய்த முதல் கார் தாக்குதல் ஒன்றில் சிதைந்தது. மனம் தளராமல் 1964ஆம் ஆண்டு இம்பாலாவில் அதை மீண்டும் செய்தார். இளஞ்சிவப்பு உடலெங்கும் வால்ட் ப்ரே என்ற ஓவியர் கையால் தீட்டிய ரோஜாக்கள் படர்ந்தன. 1974இல் தொடங்கிய ‘சீக்கோ அண்ட் தி மேன்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புக் காட்சியில் இக்கார் வந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ் என்ற பெயரைக்கூடக் கேட்டிராத வீடுகளுக்குள் ஒவ்வொரு வாரமும் அந்த ரோஜாக்கள் நுழைந்தன.

இந்தக் கார்கள் ஒருவர் தனியாகச் செய்தவை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1962இல் ருவெலாஸ் சகோதரர்கள் தெற்கு லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய ‘டியூக்ஸ்’ சங்கம் முதல், ஊர்தோறும் கார்ச் சங்கங்கள் எழுந்தன. சங்கத்தின் பெயர் பொறித்த உலோகத் தகடு பின்கண்ணாடிக்கருகில் இருக்கும். அதை வைக்கும் உரிமையைப் பெறக் காரும் நடத்தையும் தகுதியாக இருக்க வேண்டும். தந்தை தொடங்கிய காரை மகன் முடிப்பது இயல்பாயிற்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளிலும் அதே காலத்தில் இக்கலை வளர்ந்தது. 1990களில் ராப் இசைக் காணொளிகள் அதை உலகெங்கும் கொண்டுசென்றன. ஜப்பானில்கூடப் பழைய இம்பாலாக்களை இறக்குமதி செய்து இதே முறையில் ஒப்பனை செய்யும் சங்கங்கள் தோன்றின. 1977இல் சான் ஹோசேயில் மூன்று இளைஞர்கள் ‘லோரைடர்’ என்ற இதழைத் தொடங்கினர். கார்ப் படங்களோடு அச்சமூகத்தின் அரசியலையும் பேசிய இதழ் அது.

விட்டியர் பெருந்தெரு

செய்து முடித்த காரை ஓட்டிக் காட்ட ஒரு தெரு வேண்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் அந்தத் தெரு விட்டியர் புலவார். வார இறுதி இரவுகளில் நடை வேகத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். நடைபாதையில் குடும்பங்கள் நின்று பார்க்கும். ‘க்ரூஸிங்’ என்று அவர்கள் சொல்வதற்கு ‘உலா’ என்பதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. 1965இல் ‘தி மிட்நைட்டர்ஸ்’ என்ற உள்ளூர் இசைக்குழு அத்தெருவின் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டது.

அதே தெருவுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்து மெக்ஸிகோ வழி மக்கள் பெரும் பேரணி நடத்தினர். போலீஸார் கூட்டத்தைக் கலைத்த அந்நாளில், விட்டியர் பெருந்தெருவில் ‘சில்வர் டாலர்’ என்ற மதுக்கடைக்குள் அமர்ந்திருந்த பத்திரிகையாளர் ரூபென் சலாசார், ஷெரீஃப் துறையைச் சேர்ந்த ஒருவர் உள்ளே சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். அதன் பிறகு அத்தெருவில் கூடுவதும் உலா வருவதும் வெறும் பொழுதுபோக்கு என்ற பொருளை இழந்தன. இது எங்கள் தெரு என்று சொல்லாமல் சொல்வதாயிற்று அவ்வுலா.

1979இல் ஷெரீஃப் துறை விட்டியர் பெருந்தெருவை வார இறுதி உலாவுக்கு மூடியது. நெரிசலால் வணிகம் கெடுகிறது, கும்பல் சண்டைகள் நடக்கின்றன என்ற குறைகளை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட இயலாது. நெரிசலும் இருந்தது, அடிதடியும் இருந்தது. ஆனால் அதற்கு மருந்தாக எடுக்கப்பட்டது சண்டையிடுவோரைப் பிடிப்பதன்று, உலாவையே குற்றமாக்குவது. 1980களில் மாநிலச் சட்டம் உள்ளூராட்சிகளுக்கு அந்த அதிகாரத்தைத் தர, பல நகரங்கள் தடை விதித்தன. சாக்ரமெண்டோ 1988இலும், சான் டியேகோவை அடுத்த நேஷனல் சிட்டி 1992இலும் தடை செய்தன. ஒரே இடத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் கடந்தால் குற்றம் என்பது இத்தகைய தடைகளின் வழக்கமான வாசகம். வேகமாகப் போனதற்காகத் தண்டிக்கப்படுவோர் எங்கும் உண்டு. மெதுவாகத் திரும்பி வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டோர் இவர்கள்.

தேர் எந்தத் தெரு வரை வரலாம், யார் வடம் பிடிக்கலாம் என்ற வழக்குகளைக் கண்ட நமக்கு இது விளங்காத செய்தியன்று. அலங்கரித்த வண்டி ஒன்று தெருவில் மெதுவாகச் செல்லும்போது, அத்தெரு யாருடையது என்ற கேள்வியும் அதனுடன் செல்கிறது.

அருங்காட்சியகமும் தெருவும்

தெருவில் தடை நீடித்த அதே ஆண்டுகளில் லோரைடருக்கு அருங்காட்சியகக் கதவு திறந்தது என்பது இவ்வரலாற்றின் முரண். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சிமயோ என்ற சிற்றூர், அங்குள்ள சிறு தேவாலயத்துக்கு வரும் யாத்திரிகர்களால் பெயர்பெற்றது. அவ்வூரின் டேவிட் ஹராமியோ 1969ஆம் ஆண்டு ஃபோர்ட் எல்.டி.டி. என்ற பெரிய காரை லோரைடராக்கத் தொடங்கினார். 1978இல் சாலை விபத்தில் அவர் இறந்தார். குடும்பத்தாரும் ஊர்க் கலைஞர்களும் சேர்ந்து காரை முடித்தனர்; அதற்கு ‘டேவின் கனவு’ என்று பெயரிட்டனர். 1990இல் வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியன் நிறுவனம் அதைத் தன் தேசிய வரலாற்றுத் தொகுப்புக்கு வாங்கிக்கொண்டது.

ஜிப்ஸி ரோஸுக்கும் அந்தப் பெருமை வந்தது. ஜெஸ்ஸி வலாடெஸ் 2011இல் மறைந்தபோது அந்தக் காரும் அவருடைய இறுதி ஊர்வலத்தில் சென்றது. 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அவ்வாண்டு வாஷிங்டனின் நடுத்திடலில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள்.

பெருமைதான், ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் லோரைடர் பாதி லோரைடரே. ஓடுவதற்காகவும் காணப்படுவதற்காகவும் செய்யப்பட்டது அது. நாடகப் பிரதியை அச்சிட்டு நூலகத்தில் வைத்துவிட்டு மேடையைத் தடை செய்வதற்கு ஒப்பானது அந்நிலை. இதைச் சங்கங்கள் உணர்ந்திருந்தன. 2020க்குப் பின் அவை ஒன்றிணைந்து நகர மன்றங்களை அணுகின. சாக்ரமெண்டோவும் சான் ஹோசேயும் 2022இல் தடையை நீக்கின; நேஷனல் சிட்டி 2023இல் நீக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையொப்பமிட்ட சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலாவைத் தடை செய்ய உள்ளூராட்சிகளுக்கு இருந்த அதிகாரத்தை அது எடுத்துவிட்டது. 1958இல் வந்த உயரக் கட்டுப்பாடும் அச்சட்டத்தால் பயணிகள் கார்களுக்கு இல்லாது போயிற்று.

அறுபத்தாறு ஆண்டுகள். தப்பிக்கப் பம்பு பொருத்திய இளைஞர்களில் எத்தனை பேர் இந்த நாளைக் காண இருந்தார்கள்? லோரைடர் இதழின் அச்சுப் பதிப்பு நின்றுபோகும் என்ற அறிவிப்பு 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தொழிலாளியின் கைக்கு எட்டியதால் பிறந்த கலை இது. இன்றோ 1960களின் இம்பாலா, குறிப்பாகத் திறந்த கூரையுடையது, செல்வர்களின் ஏலப் பொருளாகிவிட்டது. சவுத் கேட் ஆலை 1982இலும் வான் நைஸ் ஆலை 1992இலும் மூடப்பட்டன. எனவே தெரு திரும்பக் கிடைத்திருக்கிறது என்று மகிழும்போதே, அத்தெருவில் கொண்டுவர அடுத்த தலைமுறைத் தொழிலாளி எதை வாங்க முடியும் என்ற கேள்வியும் எழுகிறது. அதற்கு விடையாக 1980களின், 1990களின் மலிவான பெரிய கார்களை எடுத்துக்கொண்டு பட்டறைகளில் வேலை தொடங்கியோர் உண்டு. மரபு காரின் ஆண்டில் இல்லை, அதைச் செய்யும் முறையில் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மேம்படுத்துதல் என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். கார் நிறுவனத்தைக் கேட்டால் மேம்பாடு என்பது அடுத்த ஆண்டின் மாடல். ஹாட் ராட் இளைஞரைக் கேட்டால் வேகம். சேகரிப்பாளரைக் கேட்டால் தொழிற்சாலை பூசிய அதே நிறம். லோரைடர் செய்தவர்களுக்கோ, தங்களைப் பார்க்க மறுத்த ஊரின் நடுத்தெருவில், ஊரே நின்று பார்க்கும்படி மெதுவாகச் செல்லக்கூடிய ஒன்றாகக் காரை ஆக்குவதே மேம்பாடு. எது மேம்பாடு என்பது யாருக்காக என்ற கேள்வியைப் பொறுத்தது.

உயரத்தை அளந்த சட்டம் இன்று இல்லை. அந்தச் சட்டத்துக்கு அஞ்சிப் பொருத்திய பம்புகளையும் பேட்டரிகளையும் ஆனால் யாரும் கழற்றிவிடவில்லை. சக்கரத்தருகே எண்ணெய் ஏறுகிறது. யாரும் கேட்காமலே கார் எழுந்து நிற்கிறது, மறுபடி பணிகிறது.